ஐந்து நாள் குட்டி, தாய் இல்லை: குதிரைக்குட்டி வளர்த்தவர்கள் பேசுங்கள்

கொறங்காட்டுக்காரன் | மார்ச் 9, இரவு 11.50

பொன்னி நேற்று மதியம் செத்துப்போய்விட்டது. அதன் ஐந்து நாள் குட்டி இப்போது என் காலடியில் வைக்கோல்மேல் படுத்திருக்கிறது. போன் வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன். லைட்டைப் போட்டால் எழுந்து அம்மாவைத் தேட ஆரம்பித்துவிடும்.

எங்களுடையது மாட்டுக் குடும்பம். ஊர் மூலனூர் பக்கம். காங்கேயம் மாடு, கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடு, அதைச் சுற்றிக் கிளுவை வேலி, எங்களுக்குத் தெரிந்தது அதுதான். குதிரை என்னுடைய சின்ன வயசு ஆசை. போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் பொன்னியை வாங்கினேன். கத்தியவார் ஜாதி, செவலை, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. நாலு மாதச் சினை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பதினோரு மாதம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 2ஆம் தேதி காம்பு நுனியில் மெழுகுபோல் சொட்டுக் கட்டியது. அன்றிலிருந்து தொழுவத்திலேயே படுக்கை. 4ஆம் தேதி விடியற்காலை இரண்டு மணிக்கு ஒரு வாய் டீ குடிக்க வீட்டுக்குள் போய்த் திரும்பினேன், பனிக்குடம் உடைந்திருந்தது. முன்னங்கால் இரண்டு, ஒன்று கொஞ்சம் முன்னே, அதன்மேல் மூக்கு. இருபது நிமிடத்தில் முழுக்குட்டியும் வெளியே வந்துவிட்டது. குளம்பைத் தொட்டுப் பார்த்தேன். அடியில் நுங்குபோல மெத்தென்று, விரல் விரலாக என்னவோ தொங்கியது. ஊனமோ என்று வயிறு கலங்கிவிட்டது. தாயின் வயிற்றைக் குளம்பு கிழிக்காமலிருக்க இயற்கை போட்டு அனுப்புகிற உறை அது, நடக்க ஆரம்பித்ததும் தேய்ந்து போய்விடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஏழு தடவை விழுந்து எட்டாவது தடவை நின்றது. காம்பைக் கண்டுபிடித்துச் சப்புகிற சத்தம் கேட்டதும் என் மனைவி அழுதேவிட்டாள். சீம்பால் நன்றாகக் குடித்தது.

நஞ்சுக்கொடி மட்டும் விழவில்லை. மாட்டுக்கு விழாவிட்டால் பொறுத்துப் பார்ப்போம். அதே நினைப்பில் இருந்துவிட்டேன். ஆலமரத்தில் கட்டுவதற்குப் பழைய சாக்குகூட எடுத்து வைத்திருந்தேன். காலை ஒன்பது மணிக்கு விழுந்தது. முழுசாக விழுந்ததா என்று பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்றே தெரியாது. 6ஆம் தேதி பொன்னி தீவனம் எடுக்கவில்லை. குளம்பில் கை வைத்தால் சுட்டது. டாக்டர் வந்து கர்ப்பப்பையைக் கழுவி ஊசி போட்டார். "நாலாம் தேதி விடியற்காலையிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும்" என்றார். அவ்வளவுதான்.

குட்டி ஆண். மாசியில் பிறந்ததால் மாசி என்று கூப்பிடுகிறோம். பசும்பாலைப் புட்டியில் கொடுக்கிறேன். நேற்றிலிருந்து கழிகிறது. இதையாவது காப்பாற்ற வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மருத்துவர்_நாமக்கல் | மார்ச் 10, இரவு 12.25

முதலில் இன்றைய ராத்திரியைப் பார்ப்போம். தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 99இலிருந்து 102 பாரன்ஹீட் வரை சரி. அதற்கு மேல் போனாலோ, பாலுக்கு முகத்தைத் திருப்பினாலோ, எழுப்பியும் எழாமல் கிடந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள், உங்கள் டாக்டரை எழுப்புங்கள். இந்த வயதுக் குட்டி காலையில் துள்ளிக்கொண்டிருக்கும், சாயங்காலம் இருக்காது.

கழிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் பால்தான். குதிரைப்பாலில் கொழுப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு, சர்க்கரைச்சத்து 6 சதவீதத்துக்கும் மேல். பசும்பாலில் கொழுப்பு கூடுதல், சர்க்கரைச்சத்து குறைவு. டபுள் டோன்டு பாக்கெட் பால் வாங்குங்கள், அதில் கொழுப்பு 1.5 சதவீதம்தான். லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ் பவுடர் கலந்துகொள்ளுங்கள். வீட்டுச் சர்க்கரை வேண்டாம், பச்சைக்குட்டியின் குடல் அதைச் செரிக்காது. ஆட்டுப்பால் கிடைத்தால் அதுவும் நல்லதுதான். குட்டி 40 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 8 முதல் 10 லிட்டர், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும்தான். தாயிடம் இருந்தால் மணிக்கு நாலைந்து தடவை குடிக்கும், அதை நினைத்தால் இது குறைவுதான்.

புட்டியை விடுங்கள். அகலமான பேசினுக்குப் பழக்குங்கள். விரலைச் சப்பவிட்டு, அந்த விரலை அப்படியே பாலுக்குள் இறக்கினால் இரண்டு மூன்று வேளையில் பழகிவிடும். தலை தாழ்ந்து குடித்தால் பால் நுரையீரலுக்குள் போகிற பயம் குறைவு. இன்னொரு காரணமும் உண்டு, குட்டி பிழைத்ததும் சொல்கிறேன்.

பொன்னிக்குச் சினையில் டெட்டனஸ் ஊசி போட்டிருந்தீர்களா? இல்லையென்றால் நாளைக்கே டாக்டரிடம் கேளுங்கள். தொப்புளையும் காட்டுங்கள். ஈரமாகவோ தடித்தோ இருந்தால் மூட்டுகளுக்குள் சீழ் இறங்கிவிடும்.

அப்புறம் நஞ்சுக்கொடி. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். பசுவுக்கு 12 மணி நேரம்கூடப் பொறுக்கலாம். குதிரைக்கு அந்தக் கணக்கு ஆகாது. குட்டி ஒரு மணி நேரத்தில் நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். விழுந்ததைத் தரையில் விரித்துப் பாருங்கள், கால்சட்டை மாதிரி இருக்கும். ஒரு காலின் நுனி பிய்ந்திருந்தால் அந்தத் துண்டு உள்ளேயே இருக்கிறது. உள்ளங்கை அளவுத் துண்டு போதும், அது அழுகி, விஷம் ரத்தத்தில் கலந்து குளம்புவரை போகும். கையால் இழுக்கவே கூடாது. மிதித்துவிடாதபடி முடிச்சுப் போட்டு மேலே தூக்கிவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். நேரத்துக்குப் போனால் பெரும்பாலும் ஆக்சிடோசின் ஊசியிலேயே விழுந்துவிடும்.

நீங்கள் அலட்சியமாக இருக்கவில்லை. மாட்டுக்குச் சரியானதைக் குதிரைக்குச் செய்தீர்கள். எங்கள் பக்கத்தில் குதிரை வாங்குகிற முக்கால்வாசிப் பேர் மாடு வளர்த்தவர்கள்தான், அவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை. சந்தையில் விற்கும்போதே சொல்லி அனுப்ப வேண்டிய விஷயம் இது.


அடிவாரம்_ஜட்கா | மார்ச் 10, காலை 5.10

தம்பி, படித்ததும் மனசு கனத்துப்போச்சு. பழனியில் எங்கள் அப்பாவும் நானுமாகச் சேர்த்து அறுபது வருஷத்துக்கு மேல் ஜட்கா ஓட்டியிருக்கிறோம். வீட்டிலேயே பிறந்த குட்டி பதினொன்று. அதில் வளர்ந்து ஆளானது ஏழு. போன நாலையும் இப்போதும் வரிசையாகச் சொல்லுவேன், எந்த மாசம், என்ன மழை என்று.

டாக்டரம்மா சொன்னபடி பாலைக் கொடுங்கள். ஆனால் குட்டிக்குப் பால் மட்டும் போதாது, குதிரை வேண்டும். பக்கத்தில் ஒரு குதிரையும் இல்லாமல் வளர்ந்த குட்டிக்குத் தான் யாரென்றே தெரியாது. இன்றைக்கு ராத்திரிக்கு ஒரு வெள்ளாட்டையாவது பக்கத்தில் கட்டுங்கள், தனியாக விடாதீர்கள்.


பரிநூல்_பிரியன் | மார்ச் 10, காலை 9.40

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குட்டியின் உடம்பில் மயிர்ச்சுழி எங்கெங்கே இருக்கிறதென்று பார்த்தீர்களா? சில சுழியோடு பிறந்தால் தாய்க்கு ஆகாது என்பார்கள். பிழைத்தாலும் விற்பது சிரமம். பெரியவர் யாரிடமாவது காட்டிவிட்டு அப்புறம் செலவு செய்யுங்கள்.


கொறங்காட்டுக்காரன் | மார்ச் 10, காலை 10.05

உடம்புச் சூடு 101.4. பேசினில் மூன்றாவது வேளையே குடித்துவிட்டான். வெள்ளாடு கட்டியாச்சு ஐயா, ஆட்டின் வயிற்றுக்கு அடியில் மூக்கை விட்டுப் பார்க்கிறான்.

சுழி பார்க்கவில்லை. பார்க்கவும் போவதில்லை.


அடிவாரம்_ஜட்கா | மார்ச் 10, காலை 11.30

சுழி பற்றி நான் சொல்கிறேன், எனக்கு அது தெரியும். அந்தியூரில் சுழி பார்த்து விலை சொல்லியிருக்கிறேன், சொல்லக் கேட்டும் இருக்கிறேன். சுழி விலையை ஏற்றும், இறக்கும். அதனால் குதிரை செத்து நான் பார்த்ததில்லை. என்னிடம் செத்த நாலில் இரண்டு நல்ல சுழி. தாயில்லாத குட்டிமேல் இந்தப் பேச்சை வைக்காதீர்கள் தம்பி.


பூனா_லாயம் | மார்ச் 11, இரவு 9.15

நான் புனே பக்கம் ஒரு ரேஸ் குதிரைப் பண்ணையில் பதினாலு வருஷம் குட்டி பார்க்கிற வேலையில் இருந்தேன். அங்கே எந்த நாளில் பிறந்த குட்டிக்கும் கணக்குப்படி பிறந்தநாள் ஜனவரி 1. அதனால் ஜனவரி முடிவதற்குள் நிறையக் குட்டி விழ வேண்டும் என்று பார்ப்பார்கள். குளிரில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்திருப்போம். நாம் உட்கார்ந்திருக்கிறவரை சில குதிரைகள் அடக்கிக்கொண்டே இருக்கும். இந்த அண்ணன் டீ குடிக்கப் போனதைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. போனது உங்கள் தப்பில்லை, போனதால்தான் அது குட்டி போட்டது.

ஒரு ராத்திரி வெள்ளைச் சவ்வு வர வேண்டிய இடத்தில் சிவப்பாக வெல்வெட் துணி மாதிரி வந்தது. நஞ்சுக்கொடி முன்னாலேயே கழன்றுவிட்டது என்று அர்த்தம், உள்ளே குட்டிக்கு மூச்சு இல்லை. கத்தரிக்கோலால் கிழித்து இழுத்தோம், பிழைத்தது. அடுத்த வருஷம் அதே மாதிரி இன்னொன்று, கத்தரிக்கோல் பக்கத்துக் கொட்டடியில் இருந்தது. எடுத்துவர ஓடிய அந்த நேரம் போதும், முடிந்துவிட்டது. அதற்கப்புறம் குட்டி போடுகிற காலத்தில் கத்தரிக்கோலைக் கழுத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு தூங்குவேன்.

சந்தோஷமும் உண்டு. ஒரு குட்டி பிறந்து எழுந்தது, தாயைத் தெரியவில்லை. சுவரை நக்கிக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தது. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்து டாக்டர் ஜான் மாடிகன் கண்டுபிடித்த முறை ஒன்று இருக்கிறது. மெல்லிய கயிற்றை மார்பைச் சுற்றிப் போட்டு இறுக்கி, இருபது நிமிடம் பிடித்திருக்க வேண்டும். தாயின் இடுப்பெலும்பு வழியாக வரும்போது விழுகிற அழுத்தம் மாதிரி. எங்கள் டாக்டர் அதைச் செய்தார். குட்டி அப்படியே தூங்கிப்போனது. கயிற்றைத் தளர்த்தினோம். எழுந்தது, நேராகப் போய் மடியில் வாய் வைத்தது. எல்லாக் குட்டிக்கும் இது பலிப்பதில்லை. அன்றைக்குப் பலித்தது.

உங்கள் பக்கத்தில் குட்டி செத்த தாய்க்குதிரை எதுவும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஒப்புக்கொண்டால் அதைவிட நல்லது வேறில்லை.


கொறங்காட்டுக்காரன் | மார்ச் 14, இரவு 10.30

கரூர்ப் பக்கம் ஒரு வீட்டில் குட்டி இறந்த தாய் இருக்கிறதென்று கேள்விப்பட்டு மாசியை வண்டியில் ஏற்றிப் போனோம். அந்த வீட்டார் எங்களைவிட ஆசையாகக் காத்திருந்தார்கள். அதன் மடிப்பாலையே மாசி முதுகிலும் வாலிலும் தடவினோம், இரண்டு பேர் பிடித்துக்கொண்டோம். முதல் தடவை கடிக்க வந்தது. இரண்டாவது தடவை உதைத்தது, மாசியின் காது ஓரம் உரசிப் போனது. மூன்று மணி நேரம் பார்த்தோம். அந்த வீட்டு அம்மா "வேண்டாம் சாமி, குட்டியைக் கொன்னுடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். திரும்பி வந்துவிட்டோம். வழியெல்லாம் மாசி என் மடியில் தலையை வைத்துத் தூங்கினான்.


புதுவரவு_7 | மார்ச் 15, காலை 8.20

வருத்தமாக இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டு வெயிலுக்குக் குதிரையே ஆகாது என்றுதானே சொல்கிறார்கள்? இந்த வெயிலில் குட்டி எப்படித் தாங்கும்?


ஊட்டி_மட்டம் | மார்ச் 15, மதியம் 1.10

அந்தப் பேச்சு எழுநூறு வருஷமாக நடக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ராஜா வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குகிறார், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். இங்கே நல்ல ஜோடிக்குப் பிறக்கிற குட்டியும் கால் கோணித்தான் இருக்கும் என்றும் எழுதினார். ஆனால் செத்ததற்கு அவர் சொன்ன காரணம் வெயில் இல்லை, பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இல்லை என்பதுதான். அதே நாட்டில்தான் மேலே ஜட்கா ஐயா ஏழு குட்டியை ஆளாக்கியிருக்கிறார்.

நான் ஊட்டியில் மட்டக்குதிரை வைத்திருக்கிறேன். இங்கே வெயில் இல்லை, குளுகுளுவென்றுதான் இருக்கிறது. ஆனாலும் என் குட்டி ஒன்று போன வருஷம் செத்தது, வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் பிளாஸ்டிக் பை. ரோட்டில் மேயவிட்டேன். எல்லாரும் விடுகிறார்கள் என்று நானும் விட்டேன். இப்போது விடுவதில்லை.

நிழலும் தண்ணீரும் காற்றும் இருந்தால் மூலனூரில் வளரும்.


அடிவாரம்_ஜட்கா | மார்ச் 16, காலை 6.00

தம்பி, என்னிடம் வெள்ளச்சி என்று ஒரு பெட்டை இருக்கிறது. இருபது வயசு. வண்டியிலிருந்து அவிழ்த்து மூணு வருஷம் ஆகிறது. மடியில் பால் கிடையாது. ஆனால் அஞ்சு குட்டி வளர்த்தவள். பணம் எதுவும் வேண்டாம், கடைசிவரை வைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுத்தால் ஏற்றி அனுப்புகிறேன். டாக்டரம்மா சொல்லுகிற ரத்தப் பரிசோதனையெல்லாம் முடித்துத்தான் அனுப்புவேன்.


கொறங்காட்டுக்காரன் | மார்ச் 25, இரவு 8.45

வெள்ளச்சி வந்து மூன்று நாள். முதல் நாள் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்தோம். இன்று ஒன்றாக விட்டோம். மாசி ஓடிப்போய் முன்னால் நின்று கழுத்தை நீட்டி, உதட்டைப் பின்னுக்கு இழுத்து, வாயை வேகமாகத் திறந்து திறந்து மூடினான். பல் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் எனக்கே கேட்டது. இரண்டு நிமிடம் அப்படியே செய்தான். வலிப்போ என்று பயந்து பிரித்துவிட்டேன். வீடியோ போட்டிருக்கிறேன். டாக்டரம்மா, கொஞ்சம் பாருங்கள்.


நெடுந்தீவான் | மார்ச் 25, இரவு 9.30

பயப்பட வேண்டாம் தம்பி. பிரிக்கவும் வேண்டாம், திரும்ப விடுங்கோ.

நான் இலங்கையில் நெடுந்தீவில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் தீவில் குதிரைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் வெளியில் கூட்டமாகத் திரிகிறவை. வெள்ளைக்காரன் விட்டுப் போனவற்றின் வழி வந்தவை என்பார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் கல்வேலியில் ஏறி இருந்து அவற்றைப் பார்ப்பதுதான் எங்களுக்குப் பொழுதுபோக்கு. ஒவ்வொரு குட்டியும் பெரிய குதிரைக்குக் கிட்டப் போகும்போது இப்படித்தான் வாயை அடிக்கும். "நான் சின்னப்பிள்ளை, எனக்கு ஒன்றும் செய்யாதே" என்று கேட்கிற மாதிரி இருக்கும். அதைக் கண்டால் கடுவன்கூட உதைக்காது, சும்மா மணந்து பார்த்துவிட்டு விலகிவிடும். உங்கள் குட்டி தாயோடு நாலு நாள்தான் இருந்தது. ஆனாலும் அதற்கு இது தெரிந்திருக்கிறது.

கோடையில் கேணியெல்லாம் வற்றிவிடும். அந்த மாதங்களில் பிறந்த குட்டிகளைத்தான் நாங்கள் அதிகம் இழந்தோம். வற்றின குளத்துச் சேற்றில் தாய் நிற்கும், குட்டி கிடக்கும். தாய் இரண்டு மூன்று நாள் விட்டுப் போகாது. என் அம்மா கிணற்றில் அள்ளி வாளியோடு கொண்டுபோய் ஊற்றுவா. சிலது குடித்து எழும்பும். இத்தனை வருடம் கழித்து இப்போதும் வாளியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டால் எனக்கு அந்தக் குட்டிகள்தான் நினைவுக்கு வரும்.


மருத்துவர்_நாமக்கல் | மார்ச் 25, இரவு 10.15

நெடுந்தீவார் சொன்னதுதான் சரி. நல்ல அறிகுறி. நாளையிலிருந்து வெள்ளச்சியின் புதுச் சாணத்தைக் குட்டி தின்றால் தடுக்காதீர்கள். தாய் இருந்தால் தாயின் சாணத்தைத் தின்னும், குடலுக்கு வேண்டிய நுண்ணுயிர் அப்படித்தான் போய்ச் சேர்கிறது. வெள்ளச்சிக்குக் குடற்புழு மருந்து கொடுத்திருந்தால் சரி.


கொறங்காட்டுக்காரன் | மே 18, மாலை 6.20

இரண்டரை மாதம். எடை பிறந்தபோது இருந்ததைப்போல் மூன்று மடங்கை நெருங்குகிறது. கொள்ளு ஊறவைத்து அரைப்படி, கோதுமைத் தவிடு ஒரு படி, மாட்டுக்குப் போடுகிற கோ-4 ஒட்டுப்புல்லை வெட்டிப் போடுகிறேன். பேசினில் பால் நாலு வேளை.

இன்றைய வீடியோ பாருங்கள். பின்னங்காலில் நின்று முன்னங்கால் இரண்டையும் என் தோளில் போடுகிறான். கூப்பிட்டால் பாய்ந்து வருகிறான். வீடு முழுக்கச் சிரிப்பு.


இனியா_திருச்சி | மே 18, மாலை 7.00

அய்யோ செல்லம்! தாயில்லாத பிள்ளை உங்களையே தாயாக நினைத்துவிட்டது. பார்க்கவே கண் நிறைகிறது.


பூனா_லாயம் | மே 18, இரவு 9.40

அண்ணா, அந்த வீடியோவை நான் சிரித்துப் பார்க்க முடியவில்லை. தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள்.

எங்கள் பண்ணையில் தாயில்லாத ஆண்குட்டி ஒன்றை நாங்கள் நாலு பேரும் செல்லம் கொடுத்து வளர்த்தோம். இதே மாதிரி தோளில் கால் போடும், கைவிரலைக் கடிக்கும், நாங்கள் சிரிப்போம். இரண்டு வயதில் 400 கிலோ. அப்போதும் அதே விளையாட்டைத்தான் விளையாட வந்தது. என் கூட வேலை பார்த்த பையனுக்குத் தோள்பட்டை எலும்பு நொறுங்கிவிட்டது. குதிரைக்குக் கோபமே இல்லை. அதற்கு மனிதன் இன்னொரு குட்டி, அவ்வளவுதான். யாரும் அதை வாங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. அதன் முடிவை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. கெடுத்தது நாங்கள்.


இனியா_திருச்சி | மே 18, இரவு 10.05

நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் பால் கொடுத்தவரே தள்ளிவிட்டால் இரண்டாவது தடவையும் தாயை இழந்த மாதிரி ஆகாதா அதற்கு?


அடிவாரம்_ஜட்கா | மே 19, காலை 5.20

பாப்பா, தள்ளிவிடச் சொல்லவில்லை. வெள்ளச்சியைப் பாருங்கள். குட்டி இடித்தால் காதைப் பின்னால் மடக்குவாள். அதற்கும் கேட்காவிட்டால் ஒரு கடி. அடுத்த நிமிஷம் பக்கத்திலேயே நின்று மேயவிடுவாள். அதுதான் வளர்ப்பு. மனுஷனுக்குக் காதை மடக்கத் தெரியாது, சிரிக்கத்தான் தெரியும். "குதிரை குணமறிந்து தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை" என்று சும்மாவா சொன்னார்கள்.

தம்பி, தோளில் கால் போட்டால் முழங்கையால் மார்பில் ஒரு இடி, ஒரு அதட்டல். அப்புறம் கோபத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். பேசினைக் கையில் பிடித்துக் கொடுக்காமல் வேலியில் மாட்டிவிட்டு வாருங்கள்.


மருத்துவர்_நாமக்கல் | மே 19, காலை 8.00

புட்டி வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணம் பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான்.

தீவனத்தையும் மாற்றுங்கள், இது அவசரம். கோ-4 மாட்டுக்கு நல்ல புல். அதிலுள்ள ஆக்சலேட் குதிரை வயிற்றில் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தவிட்டிலோ பாஸ்பரஸ் அதிகம். இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். முதலில் நொண்டும், அப்புறம் முகத்தெலும்பு இரண்டு பக்கமும் வீங்கும். முகம் வீங்கிய பிறகு என்னிடம் கொண்டுவருகிறார்கள். கோ-4ஐ நிறுத்தி, தவிட்டைக் குறைத்துவிட்டு அருகம்புல்லும் குதிரைமசால் என்கிற தீவனப் பயிரும் கொடுங்கள். பேரிலேயே குதிரை இருக்கிறது. உங்கள் பக்கம் விதை கிடைக்கும், நாலு சென்ட்டில் போட்டாலே போதும்.


கொறங்காட்டுக்காரன் | மே 27, இரவு 9.00

தோளில் கால் போடுவது நின்றுவிட்டது. நாலு நாள் பிடித்தது. முதல் தடவை இடித்தபோது காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னையே பார்த்தான். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குதிரைமசால் விதைத்தாச்சு.


பரிநூல்_பிரியன் | ஜூலை 29, மதியம் 12.30

ஆடி வந்துவிட்டது. குட்டி அந்தியூருக்கு வருகிறதா? வீடியோ பார்த்தேன். நல்ல நடை, காது இரண்டும் உள்ளே வளைந்து நுனி தொடுகிறது. ஆண்குதிரையாகவே வளர்த்தால் பின்னால் பொலிக்கு விட்டு நல்ல காசு பார்க்கலாம். காயடித்துக் கெடுத்துவிடாதீர்கள்.

மார்ச்சில் நான் எழுதியது என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மன்னிக்கவும்.


மருத்துவர்_நாமக்கல் | ஜூலை 29, மாலை 5.45

மனிதன் கையில் வளர்ந்த ஆண்குட்டியை முழுசாக வைத்திருப்பது ஆபத்து. பொலிக்குதிரையைக் கையாள வாழ்நாள் அனுபவம் வேண்டும், தனி வேலி வேண்டும். ஒரு வயது வாக்கில், ஈ குறைந்த பனிக்காலத்தில், மயக்க ஊசி போட்டுக் காயடித்துவிட்டால் இவன் இருபத்தைந்து வருஷம் நிம்மதியாக இருப்பான். பக்கத்தில் இருப்பவர்களும்தான். முதுகில் ஏறுவதற்கும் மூன்று வயது முடியட்டும்.


கொறங்காட்டுக்காரன் | ஆகஸ்ட் 6, இரவு 10.10

அந்தியூருக்குப் போனேன், மாசி இல்லாமல். பொன்னியை வாங்கிய அதே இடத்தில் நின்று பார்த்தேன். ஒரு சின்னப் பையன் அப்பாவோடு சினைக்குதிரைக்கு விலை பேசிக்கொண்டிருந்தான். கூப்பிட்டு உட்காரவைத்து மூன்று மணி நேரக் கணக்கைச் சொன்னேன். கால்சட்டையைத் தரையில் குச்சியால் வரைந்து காட்டினேன். என் நம்பரைக் கொடுத்தேன். ராத்திரி எத்தனை மணி ஆனாலும் கூப்பிடச் சொன்னேன்.

மாசியைத் தை மாதம் காயடிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். விற்கப் போவதில்லை.

பால் நிறுத்தி எட்டு நாள் ஆகிறது. வந்ததும் கொறங்காட்டு வேலியோரம் நின்று கூப்பிட்டேன். வேலமரத்தடியில் வெள்ளச்சியோடு நின்றுகொண்டிருந்தான். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான், காது இரண்டும் என் பக்கம் திரும்பின. அப்புறம் வெள்ளச்சி இரண்டு எட்டு நகர்ந்தாள், அவனும் அவள் பின்னாலேயே போய் மேய ஆரம்பித்துவிட்டான். இதைத்தானே எல்லாரும் சேர்ந்து கொண்டுவந்தோம். இருந்தாலும் நான் அங்கேயே ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தேன். பேசினைக் கழுவித் தொழுவத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.


அடிவாரம்_ஜட்கா | ஆகஸ்ட் 7, காலை 5.05

சரிதான் தம்பி. நன்றாகச் செய்தீர்கள்.

வெள்ளச்சிக்குப் பல் எப்படி இருக்கிறது? வயசாச்சு. புல்லை மென்று உருண்டையாகக் கீழே துப்பினால் சொல்லுங்கள்.


கொறங்காட்டுக்காரன் | ஆகஸ்ட் 7, காலை 6.40

இப்போதுதான் போய்ப் பார்த்தேன் ஐயா. மரத்தடியில் மூன்று உருண்டை கிடக்கிறது. டாக்டருக்குப் போன் செய்துவிட்டேன், பத்து மணிக்கு வருகிறார்.